எனக்கென்று வாங்கிய தட்டு

வெள்ளை எனாமல் தட்டு அது. விளிம்பில் ஒரு நீலக் கோடு, நடுவில் சிவப்புப் பூ. பூவின் ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு எனாமல் பெயர்ந்து உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரியும். அந்தப் பெயர்வு என்னால் வந்தது. பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைக்காமல் செருப்புகளோடு சேர்த்து வைத்துவிட்டேன். ஊருக்கு வந்து திறந்தபோது பூவில் ஓர் இதழ் போயிருந்தது. ஆறு வருடங்களாக, முதலில் பிறந்த வீட்டிலும் பிறகு கணவர் வீட்டிலும், பரணில் ஒரு துணிக்குள் சுற்றிக் கிடந்த அந்தத் தட்டை, இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு மதியம், தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்படியில் பார்த்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா அதை மடியில் வைத்து அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது கோபமா பயமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அடுப்படிக்குள் வந்து, இடுப்பில் இருந்த மகளை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

என் மாமியார் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "அவ தட்டு ஓட்டையாப் போச்சு. மேல இது சும்மா கெடந்துது, எடுத்துக் குடுத்தேன். உனக்கு ஒண்ணும் வேண்டியதில்லல்ல?"

"இல்ல அத்தை," என்றேன்.

அந்தத் தட்டு எனக்கு எப்படி வந்தது என்பதை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. வெளிநாட்டில் தங்கியிருந்த வீட்டில் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. நான் எப்போதும் இப்படித்தான், பொய் இல்லாத அளவுக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

வேளாண்மை படித்து முடித்த வருடம் ஒரு தன்னார்வத் திட்டத்தில் பத்து மாதம் தான்சானியாவுக்குப் போனேன். மொரோகோரோவுக்குத் தெற்கே, நெல் விளையும் ஓர் ஊர். அங்கே ஒரு பெண்கள் குழுவுக்கு ஒற்றை நாற்று நடவைச் சொல்லித்தருவது என் வேலை. நன்னிலம் பக்கம் நெல்லுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையில் நான் ஒரு குழி நிலம்கூட என் கையால் நட்டதில்லை. வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன், கல்லூரி வயலில் மதிப்பெண்ணுக்காக இரண்டு வரிசை நட்டிருக்கிறேன். இதை விண்ணப்பத்தில் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தங்குவதற்கு ஒரு குடும்பத்தைக் காட்டினார்கள். நாங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். அந்த வீட்டாரும் அதே சபை என்று தெரிந்ததும் என் அப்பாவுக்குப் பாதி கவலை தீர்ந்தது. வீட்டில் ஓர் அம்மா, அதிகம் பேசாத அவர் கணவர், ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த மகள். மகளுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. அவள் கணவர் தாருஸ்ஸலாமில் வேலை பார்த்தார், அவள் வேலைக்காகவும் தலைப்பிரசவத்துக்காகவும் தாய்வீட்டில் இருந்தாள். எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவள் அவள்தான். பிற்பாடு நானும் அவர்கள் மொழியைக் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவை முதல் நாளிலிருந்தே தமிழில் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அவர் பேசியதெல்லாம் இப்போது என் காதில் தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. தரையில் பாய் விரித்தார்கள். மகள் ஒரு கூஜாவில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, என்னில் தொடங்கி ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினாள். கீழே ஒரு பேசின் பிடித்திருந்தாள். அந்த அம்மா நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார். பிறகு ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. நடுவில் சோற்றுக் குவியல், அதன் மேல் அவரையும் கீரையும். எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த அம்மா தன் பக்கத்துச் சோற்றை விரல்களால் பிசைந்து உருட்டி வாயில் போட்டார். அதே விரல்கள் திரும்ப வந்து, கீரையில் நல்ல பகுதியைப் பிரித்து என் பக்கம் தள்ளின. அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஒரு பருக்கை குவியலின் மேல் விழுந்தது. நான் அந்தப் பருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்சில் என்று நாம் சொல்வதற்கு அந்த மொழியில் சொல் கிடையாது. வாயில் ஊறுவதற்குச் சொல் உண்டு. அது பட்டால் சோறும் தட்டும் மனிதரும் வேறாகிவிடுவதற்குத்தான் சொல் இல்லை. சொல் இருந்திருந்தால் ஒருவேளை உண்மையையே சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்று என் வாயில் வந்தது வேறு. எனக்கு மஞ்சள் காமாலை வந்து இப்போதுதான் குணமாகிவருகிறது, என்னோடு சேர்ந்து சாப்பிட்டால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். எங்கள் வீட்டில் என் தம்பிக்குக் காமாலை வந்தபோது அவன் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்திருந்தோம். அந்த நினைவு இவ்வளவு வேகமாக உதவிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மகள் மொழிபெயர்த்ததைக் கேட்டு அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "இந்த உடம்போடயா உன்னை இவ்வளவு தூரம் அனுப்பினாங்க? உங்க அம்மா எப்படி விட்டாங்க?" என்றார். மறுநாள் சந்தையிலிருந்து வரும்போது அவர் கையில் இந்தத் தட்டு இருந்தது. கடையில் இருந்ததிலேயே பூப்போட்டது இது ஒன்றுதான் என்றாள் மகள்.

அதற்குப் பிறகு எனக்குத் தனிச் சமையல். காமாலைக்கு எண்ணெய் ஆகாது என்று பக்கத்து வீட்டு நர்ஸ் சொல்லிவிட்டதால், எனக்கு மட்டும் எண்ணெயும் உப்பும் இல்லாத கீரை, வேகவைத்த வாழைக்காய், பப்பாளி. அவர்கள் மீன் பொரித்துச் சாப்பிடும் வாசனையில் நான் வெறும் வாழைக்காயை விழுங்கினேன். எனக்கு நன்றாக வேண்டும். குணமாகிவிட்டது என்று சொன்னால் திரும்பவும் அந்தத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார வேண்டும், அதனால் அதை மட்டும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே போனேன். ஆனால் என் தட்டை அந்த அம்மாவே கழுவுவார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். என் துணியையும் அவரே தனியாகத் துவைத்தார். நான் பிடுங்கப் போனால், "உடம்பு சரியில்லாத பொண்ணு தண்ணியில நிக்கக் கூடாது," என்பார். காலையில் நான் முழங்கால் சேற்றில் நின்றுவிட்டு வந்திருப்பேன்.

வயலில் பெண்கள் ஒரே சுரைக்குடுவையில் தண்ணீர் குடிப்பார்கள். நான் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வேன். அவர்களுக்கு அது வித்தை மாதிரி இருந்தது. ஒருத்தி செய்துபார்த்து மூக்கில் ஏறித் தும்மினாள். இன்னொருத்தி, "இவங்க ஊர்ல கொக்கு மாதிரி கழுத்து வளர்த்துருக்காங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் நாலைந்து பேர் மூக்கில் ஏறாமல் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். நான் போய்ச் சொல்லிக்கொடுத்தவற்றில் அவர்கள் ஆசையாகக் கற்றது அதுதான். எதற்காக அப்படிக் குடிக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நன்னிலத்தில் எங்கள் வீட்டு நடவுக்கு வந்த பெண்களுக்கு மாட்டுக்கொட்டகை உத்திரத்தில் தனி டம்ளர்கள் கவிழ்த்திருக்கும். என் அம்மா உயரத்திலிருந்து டீ ஊற்றுவார். நாங்கள் வேதக்காரர்கள், இதெல்லாம் எங்களிடம் கிடையாது என்று என் அப்பா யாரிடமும் சொல்வார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நானும் நம்பினேன்.

அந்த ஊர்க் கோயிலில் திருவிருந்து நாளில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம் குடிப்பார்கள், எங்கள் ஊரைப் போலவே. சிறுவயதிலிருந்து நான் அதில் யோசிக்காமல் வாய் வைத்திருக்கிறேன். அங்கே என் நோய் ஊருக்கே தெரிந்திருந்ததால் எழுந்து போக முடியவில்லை. பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வரிசை நகர்ந்தபோது அந்த அம்மா எழவில்லை. மகள் தோளைத் தட்டியும் எழவில்லை. "இவ குணமாகட்டும், சேர்ந்தே போறோம்," என்றார். நான் அங்கே இருந்த பத்து மாதமும் அவர் திருவிருந்து எடுக்கவில்லை.

நாலாவது மாதம் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. குளிப்பாட்ட, துணி மாற்ற என்று அந்த அம்மாவின் தங்கை பக்கத்து ஊரிலிருந்து வந்து தங்கினார். தன் முதல் பேத்தியை அந்த அம்மா அறை வாசலில் நின்றுதான் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, என்னவோ சொல்லிச் சிரிப்பார். குழந்தை அழுதால் கைகள் முன்னால் வரும், திரும்பப் பின்னால் போய்விடும். அது அந்த ஊர் வழக்கம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டது சௌகரியமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து மகளிடம் கேட்டேன்.

அவள் பால் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அம்மா உன் தட்டைக் கழுவுறாங்கல்ல, உன் துணி துவைக்கிறாங்கல்ல. குழந்தைக்கு ஒட்டிக்குமோன்னு பயம். நாப்பது நாள் ஆகட்டும்னு சொல்றாங்க."

இனி நானே கழுவிக்கொள்கிறேன் என்றேன். மகள் அதைச் சொன்னதும் அந்த அம்மா வாசலிலிருந்தே கையை ஆட்டினார். "அவ யாரு வீட்டுப் பொண்ணோ, நம்மளை நம்பி வந்திருக்கா. நாப்பது நாள்தானே. பேத்தி எங்க ஓடிடப் போறா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதை மனசுக்குள் அவர்கள் மொழியில் கோத்து, பலமுறை சொல்லிப் பழகியும் வைத்திருந்தேன். பொய் சொன்னேன் என்று சொல்வதுகூடக் கஷ்டமில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நீங்கள் தொட்ட சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை என்றா? காலையில் சொல்லலாம் என்று மதியத்துக்குத் தள்ளினேன், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். நாற்பது நாளும் ஓடிவிட்டது. அந்த அம்மா குளித்து, சலவைத் துணி உடுத்தி, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போனார். நான் வயலுக்குக் கிளம்பிவிட்டேன். அவர் குழந்தையை வாங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கிளம்பும் நாளில் இந்தத் தட்டைக் கழுவித் துடைத்து, தன் புதுத்துணி ஒன்றில் சுற்றிக் கொடுத்தார். "நீ குணமானதும் இதுல உன் பிள்ளையோட சேர்ந்து சாப்பிடு," என்றார். எனக்கு அப்போது கல்யாணப் பேச்சுகூட இல்லை.

ஊருக்கு வந்த பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து கூப்பிடுவார். என் கல்யாணத்தன்று கூப்பிட்டார், என் மகள் பிறந்தபோது கூப்பிட்டார். எடுத்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஈரல் எப்படி இருக்கு?" பரவாயில்லை அம்மா என்பேன். ஆறு வருடம் அப்படிச் சொன்னேன். என் மகள் பிறந்த முதல் வாரம் யார் அவளைத் தூக்க வந்தாலும் எனக்குப் பயமாக இருக்கும், கை கழுவினீர்களா என்று எல்லோரிடமும் கேட்டுத் திட்டு வாங்கினேன். அவளை மார்போடு வைத்திருக்கும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஒருவர் கண்முன் வந்து நிற்பார். அப்போதும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தத் தட்டு கொல்லைப்படிக்குப் போனதைப் பார்த்து, "இல்ல அத்தை," என்றேன். எங்கள் அடுப்படியின் பின்ஜன்னல் கட்டையில் அக்காவின் டம்ளர் தனியாக இருப்பதை நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். புதுமருமகள் எதற்குப் பேச வேண்டும் என்று முதல் வருடம் இருந்தேன். பிறகு பழகிப்போயிற்று. மூன்று வாரம் அக்கா அந்தத் தட்டில் சாப்பிட்டார். தட்டைக் கழுவி டம்ளருக்குப் பக்கத்தில் சாய்த்துவைப்பார்.

ஒரு வியாழக்கிழமை மதியம். என் மகளுக்கு ஒன்றரை வயது, எல்லாவற்றையும் எடுத்து வாயில் போடும் பருவம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் தத்தித் தத்திக் கொல்லைப்படிக்குப் போய், அக்காவின் தட்டுக்குள் கையை விட்டாள். சோற்றைத் தள்ளிவிட்டுப் பூவைத் தொட்டாள். பிறகு ஒரு பிடி அள்ளினாள். அக்கா தட்டைச் சட்டென்று தலைக்கு மேலே தூக்கிவிட்டார். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வேணாம் கண்ணு. எனக்குச் சளி புடிச்சிருக்கு. பாப்பாவுக்கு ஒட்டிக்கும்."

"சளியாக்கா? எப்பலேருந்து?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "காலையிலேருந்துதாம்மா."

அன்று காலையில் எங்கள் வாசலில் நின்று பால்காரரிடம், "பாலுக்குள்ள தண்ணி ஊத்துறியா, தண்ணிக்குள்ள பால் ஊத்துறியா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ," என்று தெருவே கேட்கச் சண்டை போட்டவர் அவர். குரல் கணீரென்று இருந்தது. நான் சொன்ன அதே பொய்யை அவரும் சொன்னார். நான் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. அவர் சொன்னது எங்களைக் காப்பாற்ற. என் மாமியாரோ நானோ வாய் திறந்து ஒன்றைச் சொல்லும்படி ஆகிவிடாமல் அவரே முந்திக்கொண்டார்.

நான் படியில் உட்கார்ந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்ததும் அதன் பக்கம் கையை நீட்டினேன். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பேன் போல.

"என்னம்மா இது," என்று தட்டை நகர்த்திக்கொண்டார். "நான் வாய் வச்சது. பெரியம்மா பாத்தா என்னைத்தான் சொல்லுவாங்க."

பாதிச் சோற்றைத் தென்னைமரத்தடியில் கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய சாப்பாட்டையும் கெடுத்ததுதான் நான் செய்தது. அன்று சாயங்காலம் மாமியாரிடம் பேசினேன். அக்காவுக்கும் நம் தட்டு, நம் டம்ளரையே கொடுக்கலாம் என்றேன். "நான் என்ன வேணாம்னா சொன்னேன்? அவளுக்கே சங்கடமா இருக்கும்," என்றார் அவர். டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கினேன். தட்டையும் எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அக்கா தூக்குவாளியில் சோறு கொண்டுவருகிறார். "வீட்ல குழம்பு மிஞ்சிப்போச்சும்மா," என்கிறார், தினமும். டீ குடித்ததும் டம்ளரைக் கழுவி ஜன்னல் கட்டையில் அவரே வைக்கிறார். நான் உள்ளே எடுத்துவைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா கூப்பிட்டார். "ஈரல் எப்படி இருக்கு?" என்றார்.

பல வருடம் முன்னால் கோத்துவைத்த வாக்கியம் அப்படியே இருந்தது. எனக்கு அந்த நோய் இருந்ததே இல்லை அம்மா என்றேன். ஒரே தாம்பாளத்தில் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காகச் சொன்னேன் என்றேன். என் உச்சரிப்பு சரியில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன். அந்தப் பக்கம் கோழிகள் கத்துவது கேட்டது. பிறகு அவர் ஒன்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் எதையோ சரிபார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அப்படின்னா அந்தக் குழந்தையை நான் தூக்கியிருக்கலாம்."

பின்னால் ஒரு சிறுமியின் குரல், யார் பாட்டி என்று கேட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது முடிந்திருக்கும். அவளுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு லைன் இல்லை. தானாகத் துண்டானதா, அவர் வைத்துவிட்டாரா தெரியவில்லை. நான் திரும்பக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் தாண்டிவிட்டது.

தட்டு இப்போது அடுப்படியில் மற்றத் தட்டுகளோடு இருக்கிறது. என் மகள் அதில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். சோற்றைத் தள்ளித் தள்ளி அடியில் இருக்கும் பூவைத் தேடுவாள், இதழ் போன இடத்தை விரலால் சுரண்டுவாள். பிறகு ஒரு பிடியை அள்ளி என் பக்கம் நீட்டி, "ம்மா, ஆ," என்பாள். நான் அதை வாங்கி அவள் வாயிலேயே ஊட்டிவிடுகிறேன். குணமானதும் என்று சொல்லித்தானே அவர் தட்டைக் கொடுத்தார். அவளோடு சேர்ந்து அதில் நான் இன்னும் சாப்பிடவில்லை.